மேப்பு அக்கா

“ஏனுங்க, உங்க ஊடு எங்கீங்க இருக்குது?”

ரேஷன் கடை வரிசையில் யார் மாட்டினாலும் அக்கா முதலில் கேட்பது இதைத்தான். சௌக்கியமா, சாப்பிட்டாச்சா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. மாட்டியவர் சிரித்துக்கொண்டே, “இதென்னங்க்கா, இங்க பக்கந்தானுங்க” என்று சொல்லிவிட்டால் போச்சு. அக்காவின் முகம் சுண்டிவிடும்.

“எதுக்குங்க பக்கம்? திருப்பூருங்கூட கோயமுத்தூருக்குப் பக்கந்தான். நான் வெளியூர்க்காரின்னு வெச்சுக்குங்க. இந்த ரேஷன் கடையிலிருந்து உங்க ஊட்டு வாசலுக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க பாக்கலாம், வாயாலயே.”

“நேராப் போயிங்க…”

“எந்தப் பக்கம் பாத்து நேரா? இப்படி நேராப் போனா சுடுகாடுதானுங்க வருது.”

வரிசை மொத்தமும் சிரிக்கும். மாட்டியவர் நெளிந்துகொண்டே வடக்கு எது, தெற்கு எது என்று சூரியனைத் தேடுவார். தப்பாகச் சொன்னால் அக்கா விடமாட்டார். சரியாகச் சொல்லும்வரை அவருடைய அரிசிப் பையைப் பிடித்து வைத்துக்கொள்வார். எங்கள் வேலவன் நகரில் அவருக்கு மேப்பு அக்கா என்று பெயர் விழுந்தது இப்படித்தான். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவருக்கு அதில் வருத்தமே இல்லை. “வெச்சவனுக்கு வடக்குத் தெரியுமான்னு கேளுங்க” என்பார்.

நான் ஏழாவதோடு நின்றவள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். எனக்கு எதைக் கண்டாலும் பயம். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். பஸ்ஸில் உட்கார்ந்தால் தப்பான பஸ்ஸோ என்று இறங்கும்வரை பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். அப்படிப்பட்டவளுக்கு மேப்பு அக்காவிடம் உட்கார்ந்திருப்பது ஒரு ஆறுதல். அவர் பக்கத்தில் இருந்தால் எல்லாமே அதனதன் இடத்தில் இருப்பது போலத் தோன்றும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வழி கேட்டு வந்தவரிடம் தெரியாது என்று சொல்லமாட்டோம். வீடு தேடி வந்தவரைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புவது மாதிரி அது. தெரியாவிட்டாலும் கையை ஒரு பக்கம் நீட்டி, ‘அப்படியே நேராப் போங்க, பக்கந்தானுங்க’ என்று சொல்லிவிடுவோம். மரியாதைக்காகச் சொல்வது. அந்த மரியாதையில்தான் அக்காவின் வீட்டுக்காரர் செத்துப்போனார்.

சிங்காநல்லூரிலிருந்து கிழக்கே வந்தால் மெயின் ரோட்டுக்குத் தெற்கில் எங்கள் வேலவன் நகர். ரோட்டுக்கு வடக்கில், கொஞ்சம் தள்ளி, இன்னொரு வேலவன் நகர். தோட்டங்களைப் பிரித்து சைட் போட்டவர்கள் ஆளுக்கொரு சாமி பெயரை வைத்தார்கள். அடுத்தவர் என்ன சாமியை வைத்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் இங்கே லேத் பட்டறை வைத்திருந்தார். ஒருநாள் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. மெயின் ரோட்டு பேக்கரியில் நிறுத்தி வழி கேட்டார்கள். பேக்கரிக்காரர் டீ ஆற்றிக்கொண்டே வடக்கே கையைக் காட்டி, “பக்கந்தானுங்க” என்றார். அந்த நகரில் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு ஆம்புலன்ஸ் இங்கே வந்தபோது தூக்கிப் போவதற்கு அவசரம் எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் அக்கா நேராக அந்த பேக்கரிக்குப் போனார். சண்டைக்குப் போகிறார் என்று நினைத்து நானும் பின்னாலேயே ஓடினேன். பேக்கரிக்காரர் கல்லாவை விட்டு எழுந்து நின்று கை கூப்பினார்.

“உக்காருங்கண்ணா. உங்க மேல தப்பில்ல. நாம எங்க இருக்கறோம்னு நமக்கே சொல்லத் தெரியல. உங்களுக்குந் தெரியல, எனக்குந் தெரியல. போன்ல அவங்க கேட்டப்ப நானும் பேக்கரிக்குப் பக்கந்தான்னுதான் சொன்னேன். ஒரு டீ குடுங்க.”

அந்த டீயைக் குடித்துவிட்டு வந்தவர்தான் பிறகு மேப்பு அக்கா ஆனார்.

பட்டறையை வாடகைக்கு விட்டார். தெருவைப் பார்த்த அதன் வெளிச்சுவரைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். மெஷினுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயின்டை எடுத்து அதில் நகர் முழுவதையும் வரைந்தார். மேலே வடக்கு. தெருக்கள் மஞ்சள், தண்ணீர்த் தொட்டி நீலம், டிரான்ஸ்ஃபார்மர் சிவப்பு. கோணல்மாணலான படம்தான். விநாயகர் கோயில் எங்கள் தெருவை விடப் பெரிதாக இருந்தது. சாமியைச் சின்னதாகப் போட மனசு வரவில்லையாம். ஆனால் அந்தச் சுவரின் முன்னால் நின்று தங்கள் வீட்டை விரல் வைத்துக் காட்டாத ஆள் எங்கள் நகரில் கிடையாது. பேக்கரிக்காரர் அதைப் பார்த்து ஒரு அட்டையில் படம் வரையவைத்துக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். இரண்டு நகரையும் தனித்தனியாகக் காட்டும்படி அக்காவிடமே வரைந்து வாங்கினார். அவரைப்போல அக்காவுக்கு வேறு சீடர் யாரும் இல்லை. யாராவது வழி கேட்டால் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்து சொல்வார். புரியவில்லையென்றால் தன் வண்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போவார்.

அக்கா அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே வீட்டுக்குள்ளேயே திசை சொல்லித்தான் பேசுவார்களாம். “அந்த மேக்கால டப்பாவ எடு கண்ணு” என்பார் என் சமையலறையில் நின்றுகொண்டு. நான் எது மேற்கு என்று யோசிப்பதற்குள் அவரே எடுத்துவிடுவார்.

பிறகு போன் மேப்பைப் பிடித்துக்கொண்டார். அதில் எங்கள் நகர் இருந்த இடம் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. அக்கா ஒவ்வொரு கடையாக, கோயிலாக, மாவு மில்லாக அதில் ஏற்ற ஆரம்பித்தார். ஸ்கூட்டியை நடுத்தெருவில் நிறுத்தி, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பார். “சிக்னல் புடிக்கறாங்களா, காக்காய்க்குச் சோறு வெக்கறாங்களா?” என்று கேலி பேசிய என் மாமியார் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது ஆம்புலன்ஸ் யாரையும் கேட்காமல் எங்கள் காம்பவுண்டு வாசலில் வந்து நின்றது. மாமியார் அதற்கப்புறம் கேலி பேசவில்லை. நானும் அன்று ராத்திரி பல நாளைக்கப்புறம் பயமில்லாமல் தூங்கினேன்.

இதையெல்லாம் முதலில் சொல்லிவிட வேண்டும். அடுத்ததைக் கேட்டுவிட்டு அக்காவைத் தப்பாக நினைக்கக் கூடாது.

நாங்கள் இருப்பது லைன் வீடு. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக வீடுகள், வாசலில் பொதுக் குழாய். என் பக்கத்து வீட்டுக்கு ஒருத்தி சின்ன மகளோடு குடிவந்தாள். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை என்றாள். கிரைண்டர் ஒன்று வாங்கிப் போட்டு இட்லி மாவு ஆட்டி விற்றாள். எங்கள் பக்கத்தில் பேர் கேட்பது கடைசியில்தான். ஊர் தெரிந்தால் போதும், அதுவே பேர். சென்னிமலை என்று ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவள் சென்னிமலை அம்மணி.

அக்கா அவள் கடையையும் மேப்பில் ஏற்ற வந்தார்.

“வேண்டாங்க்கா. எதுக்குங்க்கா அதெல்லாம்? தெரிஞ்சவங்க வாங்கிட்டுப் போறாங்க, போதுமுங்க.”

“நாளைக்கு உனக்கோ பாப்பாவுக்கோ ஒண்ணுன்னா வண்டி எப்பிடிக் கண்ணு வரும்? நீ புதுசு வேற. நான் பட்டதெல்லாம் உனக்கு எதுக்கு?”

அவளுக்கு மறுக்கத் தெரியவில்லை. அக்கா படம் எடுத்தபோது மாவுக் கையால் முகத்தை மறைத்தாள். கிரைண்டரும் அவள் கையும் பாதி முகமும் விழுந்தன. வெட்கம் என்று அக்கா சிரித்தார். அவளிடம் இருந்தது பட்டன் போன். ஏதோ ஆம்புலன்ஸ்காரர்களுக்கு மட்டும் தெரிகிற சமாச்சாரம் என்று அவள் நினைத்திருக்கிறாள். வெறும் மாவுக்கடை என்று போட்டால் ஆயிரம் மாவுக்கடை இருக்குமே என்று அக்கா பெயரைத் தெளிவாக ஏற்றினார்: சென்னிமலை அம்மணி மாவுக்கடை.

மாவு நன்றாக இருந்தது. வாங்கியவர்கள் போனில் நட்சத்திரம் போட்டார்கள். ‘இட்லி பூ மாதிரி வருது’ என்று யாரோ எழுதினார்கள். ஒருநாள் பீளமேட்டிலிருந்து ஒரு அம்மா காரில் வந்து இறங்கி, “போன்ல பாத்துட்டு வந்தேனுங்க” என்றார். மாவைக் கொடுத்து அனுப்பிவிட்டு இவள் குழாயடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கை கழுவவில்லை. அன்று சாயங்காலம் அக்காவைத் தேடிப் போனவள் என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள்.

சுவர்ப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். தோள்வரை சூட்டுத் தழும்பு.

“அவருக்குத் தெரியாம வந்துட்டேனுங்க்கா. அடுத்த தடவை உசுரோட உடமாட்டேன்னு சொல்லியிருக்காரு. சொன்னாச் செய்வாருங்க்கா. அத எடுத்துப்போடுங்க்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அக்கா உள்ளே போய் நீல பெயின்டும் பிரஷ்ஷும் எடுத்து வந்து சுவரில் அவள் கடை இருந்த இடத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். சுவரில் அவ்வளவுதான் வேலை. போனில் போகவில்லை.

ஏற்றும்போது எல்லாம் சுலபமாக ஏறியது. எடுக்கச் சொன்னால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது. பிறகு ‘ஏற்கப்படவில்லை’ என்று வந்தது. அங்கே கடை இருக்கிறது என்று அத்தனை பேர் நட்சத்திரம் போட்டிருக்கும்போது ஒருத்தர் இல்லையென்றால் அது நம்புமா? அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார்.

“உங்க போன்லயும் அந்தக் கடை இல்லைன்னு ஒண்ணு அமுக்கி விடுங்க கண்ணு.”

“இருக்கற கடைய எதுக்குங்க்கா இல்லைங்கோணும்? காலைலகூட மாவு வாங்கினேன்.”

“நான் சொல்றேனில்ல.”

“ஏனுங்க்கா, மாவுல ஏதாச்சும் கலக்கறாளா?”

“அய்யோ, அதெல்லாம் இல்ல கண்ணு.”

“அப்பறம் எதுக்குங்க்கா ஒருத்தி பொழப்பக் கெடுக்கறீங்க? நீங்கதான ஏத்தி விட்டீங்க?”

காரணத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் ஊருக்கே தெரியும். அக்காவுக்கும் அம்மணிக்கும் ஏதோ சண்டை என்று பேச்சு கிளம்பியது. பாவம் அந்தப் பெண் என்று சிலர் கூடுதலாக நட்சத்திரம் போட்டார்கள். அம்மணி வேறு வீடு தேடினாள். போன இடத்திலெல்லாம், “ஊட்டுக்காரர் எங்கம்மா?” என்று கேட்டார்கள். நான் சும்மாவே பயப்படுகிறவள். அந்த நாட்களில் காம்பவுண்டு கேட் சத்தம் கேட்டால் மெஷினிலிருந்து காலை எடுத்துவிடுவேன்.

அம்மணியின் ஊர்க்காரர் ஒருத்தர் பெட்ஷீட் மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமெல்லாம் விற்க வருவாராம். வழி பார்க்கப் போனைத் திறந்தவர் கண்ணில் தன் ஊர்ப் பெயர் பட்டிருக்கிறது. ஊர்ப்பாசத்தில் அமுக்கிப் பார்த்தால் தெரிந்த பாதி முகம். ஊருக்குப் போய் நல்ல சேதியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அன்று மத்தியானம் நான் அக்காவின் ஜாக்கெட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். அக்கா சுவருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பைக்கில் ஒருத்தர் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

“ஏனுங்க அம்மா, இங்க சென்னிமலை அம்மணின்னு மாவு ஆட்டறாங்களாமுங்க. மேப்பு இந்தத் தெருவு வரைக்கும் கொண்டாந்து உட்டுருச்சு. ஊடு எதுங்க?”

அக்கா எழுந்தார். அவருடைய கை வடக்கே நீண்டது.

“இந்த வேலவன் நகர் இல்லீங்க. மெயின் ரோட்டுக்கு அக்கட்டால இன்னொண்ணு இருக்குது. மேப்புல தப்பாப் போட்டிருக்கறாங்க. நேராப் போங்க, பக்கந்தானுங்க.”

அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

பைக் போனதும் ஓடினோம். அம்மணி அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் பையை எடுத்தாள். துணியைத் திணித்தாள். நின்றாள்.

“பாப்பா ஸ்கூல்ல இருக்கறாளுங்க்கா.”

“நான் போய்க் கூட்டிட்டு வாரேன். நீ கட்டி வை. வந்ததும் உன்னைய அன்னூருக்கு எங்க அண்ணன் தோட்டத்துல கொண்டுபோய் உட்டுர்றேன். அது எந்த மேப்புலயும் இல்ல.”

அக்கா ஸ்கூட்டியில் போனார். நான் அவளுக்குத் துணி மடித்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் உண்மையிலேயே பக்கம்தான். எப்படியும் தப்பித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

வடக்கே அந்த நகரில் மாவுக்கடை இல்லை என்று பார்த்துவிட்டு பைக்கில் வந்தவர் மெயின் ரோட்டுக்குத் திரும்பியிருக்கிறார். பேக்கரியில் நிறுத்திக் கேட்டிருக்கிறார். பேக்கரிக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்திருக்கிறார். கல்லாவுக்கு மேலிருந்த அட்டையைக் காட்டியிருக்கிறார். அதோடு விடவில்லை.

காம்பவுண்டு கேட் திறந்தது. முன்னால் பேக்கரிக்காரரின் வண்டி, பின்னால் அந்த பைக்.

“இந்தாங்க, இதுதானுங்க ஊடு. அம்மணி, உன்னையத் தேடிட்டுப் பாவம் ரெண்டு நகரும் சுத்திட்டாரு. நான் வாரேனுங்க, கடையில ஆளில்ல.”

கும்பிடு போட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

வந்தவர் சத்தம் போடவில்லை. குழாயடித் திட்டில் உட்கார்ந்தார். கட்டிவைத்த பையைப் பார்த்தார். “பாப்பா எங்க?” என்று மட்டும் கேட்டார். அவள் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அக்காவைத் தெருமுனையிலேயே மடக்கிவிட வேண்டும் என்று, “பால் வாங்கிட்டு வாரேனுங்க” என்று சொல்லி நான் செருப்பைத் தேடினேன். அதற்குள் ஸ்கூட்டி சத்தம் கேட்டுவிட்டது. அக்கா உள்ளேயே வந்து நிறுத்தினார். முன்னால் நின்றுகொண்டிருந்த குழந்தையை அந்த ஆள் எழுந்துபோய்த் தூக்கிக்கொண்டார். அப்பா என்று அது கழுத்தைக் கட்டிக்கொண்டது.

அவ்வளவுதான். அம்மணியின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

“புள்ளைய எறக்கி உடுங்க. அவ வரமாட்டா” என்றார் அக்கா. அப்படி ஒரு குரல் அவருக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது.

“என்ற கொழந்தைங்க. என்ற சம்சாரமுங்க. எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இதுல தப்பு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

அக்கம்பக்கம் கூடிவிட்டது. ங்க போட்டுப் பேசுகிற ஆளிடம் யாருக்கும் தப்புத் தெரியவில்லை. குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும் அம்மணி, போயிட்டு வா என்றார்கள். அக்கா போலீசுக்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னார். எந்த ரோடு, எந்தப் பக்கத்து வேலவன் நகர், தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே எந்தத் தெரு என்று அப்படிச் சுத்தமாகச் சொன்னார். போலீஸ் வண்டி ஒருத்தரையும் வழி கேட்கவில்லை. ஆனால் அதற்குள் பைக் போய்விட்டது. நடுவில் குழந்தை, பின்னால் அவள். போகும்போது அவள் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “அரிசி ஊறுதுங்க்கா” என்றாள்.

“அந்தம்மா தானாத்தானுங்க போச்சு?” என்று போலீஸ்காரர் கேட்டார். கூட்டம் ஆமாம் என்றது. அக்கா தழும்பைப் பற்றிச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். எங்கே போனார்கள் என்று கேட்டதற்கு, சென்னிமலைப் பக்கம் என்பதற்கு மேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் பேக்கரிக்காரர் அக்காவைத் தேடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, இன்னைக்கி நீங்க இருந்து கேட்டிருக்கோணும். எங்கிருந்து எப்பிடித் திரும்போணும்னு ஒரு எடத்துலகூடத் தட்டாமச் சொன்னேன். யாரோ அவர அந்தப் பக்கத்து நகருக்குத் தாட்டி உட்டிருக்கறாங்க, பாருங்களேன். இன்னமும் அப்பிடி ஆளுங்க இருக்கறாங்க.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாச் சொல்லியிருக்கீங்கண்ணா” என்றார்.

அவருக்கு உண்மை தெரிந்துவிடக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கினார். ஒரு தடவை தாங்கினவர், மறுபடியும் தாங்கமாட்டார் என்றார். இது நடந்து கொஞ்ச நாளில் பேக்கரிக்காரர் கடையை விற்றுவிட்டுத் தன் சொந்த ஊருக்கே போய்விட்டார், அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பிறகு அக்கா சென்னிமலைக்கு பஸ் ஏறினார். நானும் போனேன். தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் போனில் இருந்த அந்தப் பாதி முகத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டோம். வீட்டைக் காட்டினார்கள். பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“எங்கீங்க போயிருக்கறாங்க?”

“இங்க பக்கத்துலதானுங்க எங்கியாச்சும் போயிருப்பாங்க” என்றார் அந்த அம்மா. கண்ணை மட்டும் எங்கள் பக்கம் திருப்பவில்லை.

அக்கா திரும்பத் திரும்பப் போனார். ஒவ்வொரு தடவையும் அதே பூட்டு. போலீசிலும் கேட்டார். விசாரிக்கிறோம் என்றார்கள். இன்றுவரை அவளைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ ஒரு சேதியும் இல்லை. போனில் மட்டும் கடை அதே இடத்தில் இருக்கிறது. கீழே சிவப்பில் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று இருக்கிறது. கேஸ் அடுப்பை மூடினேனா என்று பார்க்கிற மாதிரி நானும் அதைத் தினம் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன்.

அக்கா ரேஷன் கடையில் வாயைத் திறப்பதில்லை என்றானது. வழி கேட்டு யாராவது வந்து நின்றால் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். பட்டறையை விற்றார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஒருநாள் காலையில் சாமான்களை ஒரு டெம்போவில் ஏற்றினார். அன்னூருக்கு அண்ணன் வீட்டுக்குத்தானே என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

டெம்போ டிரைவர் போனை நீட்டி, “லொகேஷன் போட்டுருங்கம்மா” என்றார்.

“வேண்டாந் தம்பி. நேராப் போ, சொல்றேன்.”

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஓடிப்போய் டெம்போக் கதவைப் பிடித்துக்கொண்டேன். எந்த ஊர், யார் வீடு, ஏதாவது ஒன்றென்றால் நான் எங்கே வந்து தேடுவேன் என்று என்னென்னவோ கேட்டேன். அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கன்னத்தைத் தொட்டார்.

“பக்கந்தான் கண்ணு” என்றார்.